நாலு லட்சத்துக்கு பழைய கார்: பெரிய பழசா, சின்னப் புதுசா?

நாலு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு கார் வேண்டும், புது வண்டிக்கு மாதாமாதம் தவணை கட்ட மனசில்லை. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இந்த நிலைமையில், பழைய வண்டி வாங்கி விற்கிற ஆட்டோ கன்சல்டிங் வாசலில் போய் நிற்பவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வகை வண்டிகள்தான் வரும். ஒன்று, 2013 அல்லது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல், இல்லையென்றால் அதே வயசில் ஒரு எட்டியோஸ். இன்னொன்று, 2018, 2019 மாடல் சின்னப் பெட்ரோல் வண்டி: ஆல்டோ, செலேரியோ, டியாகோ, பேரம் படிந்தால் ஒரு வாகன்ஆர். கேட்கிற விலை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். நம் ஆட்கள் முதல் வகையைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள், ஏனென்றால் அது வாசலில் நின்றால் எடுப்பாக இருக்கும், டீசல் என்றால் செலவு குறைவு என்று பத்து வருஷத்துக்கு முன்னால் மனசில் பதிந்தது இன்னும் அழியவில்லை. நான் இரண்டாவது வகையைத்தான் எடுக்கச் சொல்வேன். அதிலும் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி கிடைத்தால் ஐயாயிரம் பத்தாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை.

அந்தத் தேதிக்குக் காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாகியது. அதே வருஷம் ஜூலையில் ஓட்டுபவருக்கான ஏர்பேக்கும் கட்டாயம் ஆனது. பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் எல்லா வண்டிக்கும் வர 2022 தொடக்கம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் இவையெல்லாம் மேல் மாடலில் மட்டும் கிடைத்த சமாச்சாரங்கள், அதனால் 2014 ஸ்விஃப்ட் பெரிய வண்டியாகத் தெரிந்தாலும் அது அடிப்படை எல்.டி.ஐ. மாடலாக இருந்தால் ஏ.பி.எஸ்.ஸும் இருக்காது, ஏர்பேக்கும் இருக்காது. சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் பெருந்துறை தாண்டி மழை தூறும் நேரத்தில், சந்து ஒன்றிலிருந்து எக்ஸெல் வண்டியில் ஒருத்தர் திடீரென்று குறுக்கே வரும்போது பிரேக்கை முழுசாக மிதித்துப் பாருங்கள், ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி தன் இஷ்டத்துக்கு இழுக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கேட்காது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு ஏ.பி.எஸ்.ஸைவிடப் பெரிய வசதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டீசல் கணக்கையும் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். கணக்குக்காகப் பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிற குடும்பத்துக்குப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 18 கொடுத்தால் 2,780 ரூபாய் ஆகும், டீசல் வண்டி 20 கொடுத்தால் 2,300 ரூபாய். மிச்சம் 480 ரூபாய், வருஷத்துக்கு ஆறாயிரம்கூட வராது. பத்துப் பன்னிரண்டு வயசான டீசல் வண்டியில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை பட்டறைக்குப் போனால் இரண்டு மூன்று வருஷச் சேமிப்பு அங்கேயே முடிந்துவிடும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது, அதனால் இனி சந்தைக்கு வருகிற டீசல் ஸ்விஃப்ட் ஒவ்வொன்றும் வயசானதாகத்தான் இருக்கும். மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்கள், நூல் வியாபாரம், கோழித் தீவனம், கிரே துணி என்று கரூருக்கும் நாமக்கல்லுக்கும் தினம் அலைகிறவர்கள் வேண்டுமானால் டீசலைப் பார்க்கட்டும். பள்ளிக்கூடம், தோட்டம், ஞாயிற்றுக்கிழமை பழனி, முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம் என்று ஓடுகிற வீட்டுக்கு அது வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியின் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்ட வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறிவிட்டது, அதோடு பசுமை வரியும் உண்டு. 2013 மாடல் எடுத்தால் 2028இல் அந்த வேலை உங்கள் தலையில் விழும், அதே சமயம் விற்கப் போனால் வாங்குகிறவரும் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்.

சரி, சின்னப் பெட்ரோல் வண்டி என்று முடிவெடுத்துவிட்டால் எதை எடுப்பது?

ஆல்டோ 800ஐப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள், உண்மையிலேயே பழுது குறைவான வண்டி, எந்த ஊர்ப் பட்டறையிலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள், உதிரிப் பாகம் அந்தியூரிலும் கிடைக்கும். ஆனால் இன்ஜின் 796 சி.சி., 48 குதிரைசக்தி. நாலு பேரும் ஏ.சி.யுமாக திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது இரண்டாவது கியரை விட்டு மேலே போக முடியாது, பின்னால் கரும்பு லாரி வந்து நின்றால் ஓட்டுகிறவருக்கு வியர்த்துவிடும். டிக்கி 177 லிட்டர்தான், இரண்டு பை வைத்தால் நிறைந்துவிடும். ஊருக்குள்ளேயே ஓடுகிற இரண்டு பேர் குடும்பத்துக்கு, புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் அதே உருவத்தில் 998 சி.சி. இன்ஜின் வைத்த ஆல்டோ கே10ஐத்தான் பார்க்க வேண்டும். எடை குறைவு, இன்ஜின் பெரிசு, அதனால் வால்பாறை ஏறும்போதும் இழுவை குறையாது. பின் சீட்டில் கால் வைக்க இடம் குறைவு, அது ஒன்றுதான் அதில் குறை.

அந்த கே10 இன்ஜினே செலேரியோவிலும் வாகன்ஆர் 1.0விலும் இருக்கிறது. மூன்று சிலிண்டர், முழுக்க அலுமினியம், டைமிங் செயின் வைத்தது, பெல்ட் மாற்றுகிற செலவு கிடையாது. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் திறக்காமல் ஓடுகிற வண்டிகளை எங்கள் பக்கம் நிறையவே பார்க்கலாம். செலேரியோவுக்கு வாகன்ஆர் அளவுக்குக் கிராக்கி இல்லை, எனவே ஒரே வயசு, ஒரே ஓட்டத்தில் பார்த்தால் செலேரியோ கொஞ்சம் மலிவாகப் படியும். நாலு லட்சத்துக்குள் 2018, 2019 வேண்டும் என்றால் நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை, ஆட்டோமேட்டிக் செலேரியோ வேண்டாம். அது சாதாரண கியர்பாக்ஸில் மோட்டார் வைத்துக் கிளட்சை மிதிக்கிற ஏற்பாடு, புதிதில் நன்றாகவே ஓடும், ஆனால் பழைய வண்டியில் அந்த மோட்டார் ஏற்பாடு (ஆக்சுவேட்டர்) போனால் ஊர்ப் பட்டறையில் வேலை ஆகாது, நகரத்து சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

வாகன்ஆர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் முட்டி வலி இல்லாத பெரியவர்கள் குறைவு. அம்மாவையோ மாமியாரையோ ஆல்டோவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், குனிந்து, உள்ளே விழுந்து, இறங்கும்போது கதவைப் பிடித்துத் தொங்கி எழ வேண்டியிருக்கும். வாகன்ஆர் சீட் உயரம் நாற்காலி மாதிரி, பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய 2010 - 2018 மாடலையும் நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் 2019 ஜனவரியில் வந்த புது வாகன்ஆர் வேறு வண்டி என்றே சொல்லலாம், அகலம் கூடியது, பின்னால் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்காரலாம், டிக்கி 341 லிட்டர், தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை தேங்காயும் இரண்டு தார் வாழையும் அதில் அடங்கும். 1.2 இன்ஜின் கிடைத்தால் ரொம்ப நல்லது, ஊட்டி, ஏற்காடு என்று அடிக்கடி போகிறவர்கள் அதையே தேடிப் பிடியுங்கள். நாலு லட்சத்தில் 2019 வாகன்ஆர் கிடைப்பது கஷ்டம், கொஞ்சம் மேலே போக வேண்டியிருக்கும், அல்லது ஓட்டம் கூடிய வண்டியாக இருக்கும். ஓட்டம் 90,000 ஆனாலும் சர்வீஸ் சரித்திரம் சுத்தமாக இருந்தால் எடுக்கலாம் என்பது என் எண்ணம்.

அதன் குறையையும் மறைக்கக் கூடாது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்த வாகன்ஆர் 2019இல் இரண்டு நட்சத்திரம்தான் வாங்கியது, 2023இல் விதிகளைக் கடுமையாக்கிச் சோதித்தபோது ஒன்றுதான். உயரமான வண்டி என்பதால் பல்லடம் தாண்டிக் காற்றாலைகள் சுற்றுகிற அந்தத் திறந்த வெளியில் ஆனி, ஆடிக் காற்று அடிக்கும்போது 90க்கு மேல் ஓட்டினால் பக்கவாட்டில் தள்ளுவது ஸ்டீயரிங்கில் தெரியும். எண்பதில் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பவர்கள் டியாகோவைப் பார்க்க வேண்டும். 2016இல் வந்த வண்டி, 2020 ஜனவரியில் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நாலு நட்சத்திரம் வாங்கியது, இந்த விலைக்கு இந்த அளவு வண்டிகளில் அது வேறு யாரிடமும் அப்போது இல்லை. கதவைச் சாத்தும்போதே தகரத்தின் கனம் தெரியும். அந்தக் கனத்துக்கு மைலேஜில் விலை கொடுக்கிறோம், ஊருக்குள் மாருதியைவிட இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைவாகத்தான் வரும், சிக்னலில் நிற்கும்போது மூன்று சிலிண்டர் அதிர்வு சீட்டு வரைக்கும் வரும். வெளிப் பட்டறைகளில் இதைத் தெரிந்த மெக்கானிக் மாருதிக்கு இருக்கிற அளவு இல்லை, ஆகவே உங்கள் ஊரிலிருந்து டாடா சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோவை, திருப்பூர், ஈரோட்டில் இருப்பவர்களுக்குச் சிரமமில்லை. வாங்குகிறவருக்கு ஒரு சாதகம், டியாகோவின் மறுவிற்பனை விலை மாருதியைவிட வேகமாக இறங்கும். விற்கிறவருக்கு அது நஷ்டம், நமக்கு அதே காசில் ஒரு வருஷம் புதிய வண்டி.

கிராண்ட் ஐ10 இருக்கிறதே, ஓட்டிப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும்விட மனசுக்குப் பிடித்துப்போகிற வண்டி அது. நாலு சிலிண்டர் 1.2 இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடும், சித்திரை வெயிலிலும் ஏ.சி. பத்து நிமிஷத்தில் பின் சீட்டு வரை குளிரும். நாலு லட்சத்துக்கு 2015, 2016 மாடல்தான் வரும், அதில் ஏ.பி.எஸ். வேண்டுமென்றால் மேல் மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். உதிரிப் பாகம் மாருதியைவிட விலை கூட. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டக் டக்கென்று சத்தம் வந்தால் பயந்து ஓட வேண்டாம், பெரும்பாலும் ஸ்டீயரிங் மோட்டாருக்குள் இருக்கிற சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கும், மலிவான சாமான்தான், அதைச் சொல்லி விலையில் குறைக்கப் பாருங்கள். பழைய ஐ10 1.1 வேறு, அதில் டைமிங் பெல்ட், மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும், அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினே திறக்க வேண்டி வரும்.

க்விட் பார்க்க அழகு, தரையிலிருந்து உயரம் நன்றாக இருக்கும், காட்டுப் பாதைக்குச் சௌகரியம். எடுத்தால் 1.0 மட்டும் எடுங்கள். ஃபோர்டு ஃபிகோ எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி, ஸ்டீயரிங்கும் உருட்டும் அருமை, ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, ஷெவர்லே 2017 கடைசியோடு விற்பனையை மூடியது, டட்சன் 2022இல் போனது. சர்வீஸ் கிடைக்கிறது என்பார்கள், கிடைக்கவும் செய்கிறது, ஆனால் ஒரு பம்பருக்கோ சென்சாருக்கோ மூன்று வாரம் காத்திருக்க உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் யோசிக்கலாம், ஒரே வண்டி என்றால் வேண்டாம்.

புது வண்டியே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இப்போது ஒரு நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அப்போது ஆல்டோ கே10 அடிப்படை மாடலின் ஷோரூம் விலை 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்குட்பட்ட காருக்கு ஆயுள் வரி 12 சதவீதம், இன்சூரன்ஸையும் சேர்த்தால் ரோட்டுக்கு வரும்போது நாலேகால் லட்சத்தைத் தாண்டிவிடும். ஆறு ஏர்பேக் அதிலேயே வருகிறது. வீட்டில் இரண்டு மூன்று பேர்தான், வசதிகள் குறைவாக இருந்தாலும் சரி என்றால் அதைத் தாராளமாக எடுக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவருக்கும் இந்த விலை கையில் ஒரு பிடி. 2022, 2023 ஆல்டோவுக்கு நாலு லட்சம் கேட்கிறவரிடம் புது வண்டி விலையைச் சொல்லிப் பாருங்கள், இறங்கி வருவார். ஐந்து பேர் குடும்பம் என்றால் அந்த ஆல்டோ போதாது, அங்கே மறுபடியும் பழைய செலேரியோவும் வாகன்ஆரும்தான்.

மாடலை முடிவு செய்தபின் வண்டி எங்கே ஓடியது என்று பார்க்க வேண்டும். நம்பர் பிளேட்டே பாதி கதை சொல்லும். டி.என். 43 என்றால் நீலகிரி, கிளட்சும் பிரேக்கும் அதிகம் தேய்ந்திருக்கும், ஆனால் வெயிலில் காயாததால் டேஷ்போர்டும் பெயின்ட்டும் நன்றாக இருக்கும். சென்னை நம்பர் என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஞாபகத்துக்கு வர வேண்டும். பாலக்காடு பக்கமிருந்து கே.எல். வண்டிகள் மலிவாக வரும், ஆனால் இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கத்து ஆயுள் வரி என்று செலவு ஏறி அந்த மலிவு காணாமல் போய்விடும், 2018 வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வெளியில் தெரிகிற பாகத்தைத்தான் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கிற கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும். சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தில் துருவும் அதையேதான் சொல்லும்.

முடிந்தவரை 37, 38, 66, 99, 39, 42, 33, 41 என்று நம் பக்கத்து நம்பரும், தெரிந்தவர் வழியாக விசாரிக்கக்கூடிய முதல் ஓனரும் கிடைத்தால் நல்லது. சொந்தக்காரர், கூட வேலை செய்பவர், பங்காளி வழியில் ஒருத்தர் என்று நேரடியாக வாங்கினால் கன்சல்டிங் லாபம் மிச்சம், வண்டியின் கதையும் தெரியும். கன்சல்டிங்கில் நாலு வண்டியை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது அதன் நன்மை, "ஒரே டாக்டர் ஓட்டுன வண்டிங்க, கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாங்க" என்கிற பேச்சைக் காதில் வாங்காமல் இருக்கத் தெரிய வேண்டும். கம்பெனிகளே நடத்துகிற பழைய கார் ஷோரூம்களில் விலை கூடவே இருக்கும், ஆனால் சர்வீஸ் சரித்திரமும் சில மாத வாரன்ட்டியும் கிடைக்கும், மெக்கானிக் யாரையும் தெரியாதவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு தகும். ஆடி மாதம் நம் பக்கம் வண்டி எடுக்க மாட்டார்கள், அப்போது கன்சல்டிங்கில் கூட்டம் இருக்காது. ஆடியில் பார்த்துப் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆவணி பிறந்ததும் வண்டியை எடுத்தால் விலையில் நல்ல வித்தியாசம் தெரியும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பேரம் பேசப் போகாதீர்கள்.

வண்டியைப் பார்க்கும்போது நம் ஊருக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காங்கேயம், தாராபுரம், பல்லடம், அவிநாசி பக்கம் எண்ணூறு ஆயிரம் அடி போர் தண்ணீர்தான், ஒரு மாதத்தில் பக்கெட்டில் வெள்ளை உப்புக் கட்டும். அந்தத் தண்ணீரைத்தான் நிறையப் பேர் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறார்கள். கூலன்ட் குறைந்தது, பக்கத்தில் பைப் இருந்தது, ஊற்றிவிட்டார்கள், அப்படித்தான் நடக்கும். உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படியும், அலுமினிய ஹெட்டை அரிக்கும், தெர்மோஸ்டாட் சிக்கும், ஊருக்குள் ஓடும்வரை எதுவும் தெரியாது, பண்ணாரி தாண்டி மலை ஏறும்போதுதான் சூட்டு முள் மேலே போய் ஹெட் கேஸ்கெட் அடிவாங்கும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள், சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள். பச்சையோ நீலமோ சிவப்போ, நிறம் தெளிவாக இருந்தால் கூலன்ட். செங்கல் கரைத்த தண்ணீர் நிறத்தில் இருந்தால், மூடிக்கு உள்ளேயும் ஹோஸ் வாயிலும் வெள்ளை உப்புக் கட்டியிருந்தால், அந்த வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் விட்டுவிடுவேன். ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தாலும் அப்படியே, தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

விபத்தில் அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்கக் கதவு ஓரத்து ரப்பர் பீடிங் போதும். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு கன்சல்டிங்கில் சித்தப்பா பையனுக்காக ஒரு கிராண்ட் ஐ10 பார்த்தோம், வெள்ளை, கீறல் இல்லை, ஓட்டம் 38,000 என்றார்கள். கூட வந்த மெக்கானிக் அண்ணன் பேசவே இல்லை, இடது பக்க முன் கதவைத் திறந்து பீடிங்கை ஒரு ஜாண் இழுத்தார். கம்பெனியில் போட்ட ஸ்பாட் வெல்டிங் என்றால் சட்டைப் பொத்தான் அளவு வட்டக் குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும், வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் குழியே இல்லை, புட்டி வைத்துத் தேய்த்து வழுவழுவென்று இருந்தது, கீழே ஓர் இடத்தில் வெல்டிங் பற்றவைத்த மேடு விரலில் தட்டுப்பட்டது. பில்லர் வரை அடிவாங்கிய வண்டி அது. அடுத்து பிரேக் பெடல் ரப்பரைக் காட்டினார், நடுவில் கோடுகள் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. 38,000 ஓடிய வண்டியில் அது அப்படித் தேயாது. பீடிங்கைப் பழையபடி பொருத்திவிட்டு, "வேற பாக்கலாங் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அந்த மாதிரி ஒரு மெக்கானிக்குக் கொடுக்கிற ஆயிரம் ரூபாய்தான் இந்த வேலையில் நல்ல செலவு. நாங்கள் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ ஒரு குறையை மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம். ஈரோட்டுப் பக்கம் என்றால் சென்னிமலைப் பாதை, காங்கேயத்துப் பக்கம் என்றால் சிவன்மலைப் பாதை, அங்கே நாலு பேரை ஏற்றி ஏ.சி. போட்டு ஏற்றிப் பாருங்கள், கிளட்ச் வழுக்கலும் சூடும் அங்கேயே தெரிந்துவிடும். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 3219 என்றால் 2019ஆம் வருஷம் 32ஆவது வாரம் செய்தது, டயரின் பூ (தரையில் படுகிற வரிகள்) நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை மாற்றுகிற செலவை விலையில் கழியுங்கள்.

இன்சூரன்ஸ் காப்பியை வாங்கி நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு வருஷம் கிளெய்ம் செய்யாவிட்டால் 20, அப்புறம் 25, 35, 45, ஐந்து வருஷம் ஆனால் 50. ஏழு வருஷ வண்டியின் பாலிசியில் 20 என்றோ பூஜ்யம் என்றோ இருந்தால் சமீபத்தில் எதற்குக் கிளெய்ம் செய்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இடித்ததே இல்லை என்று சொன்னவர் அங்கே தடுமாறுவார். அந்த போனஸ் விற்பவருக்குச் சொந்தம், வண்டியோடு உங்களுக்கு வராது, அதனால் பாலிசியை மாற்றும்போது வித்தியாசத் தொகை கட்ட வேண்டி வரும், அதையும் கணக்கில் வையுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பது வந்துவிடும், அபராதச் சலான் பாக்கியையும் இ-சலான் தளத்தில் பாருங்கள்.

காசு கொடுக்கும்போது கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவம் 29, 30ஐக் கையில் கொடுத்து "எப்ப வேணா மாத்திக்கலாங்க" என்பார்கள். அப்படி விடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, விபத்து நடந்தால் நஷ்டஈடு பொறுப்பு அவர் மேல்தான் வரும், ஆகவே நல்ல விற்பனையாளரும் பெயர் மாற்றத்தைத்தான் அவசரப்படுத்துவார். கடன் முடித்த வண்டி என்றால் வங்கியின் கடிதமும் படிவம் 35ம் சேர்த்து வாங்குங்கள், வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. விற்பனை நடந்த 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத வேண்டும். கால்வாசிப் பணத்தைப் பெயர் மாறும்வரை நிறுத்திவைக்கச் சம்மதிக்கிறவரிடம் வாங்குங்கள், நம் பக்கத்தில் நாணயமாக வியாபாரம் செய்கிற கன்சல்டிங்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

நாலு லட்சத்தையும் வண்டியிலேயே போட்டுவிட வேண்டாம், முப்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். எடுத்த வாரமே இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் மாற்றி, ரேடியேட்டரை ஒருமுறை கழுவி, பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்பு விட்டதை மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது, 2023க்கு முந்தின வண்டியின் பழைய ரப்பருக்கு அது ஒத்துவராமல் போகலாம். மிச்சம் இருந்தால் பேட்டரி. சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம்.